அடுக்குமுறையும் திருத்த வரலாறும்: மேற்குச் சென்னைத் தலப் பதிகங்களின் மின்பதிப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெரிய மென்பொருள் ஆவணங்களைச் சிறு கோப்புகளாகப் பிரித்து, அவற்றின் மாற்றங்களைக் கிட் போன்ற கருவிகளில் பதிந்து பேணுவது கணினித் துறையின் நிலைபெற்ற வழக்கம். தமிழ் இலக்கிய மின்பதிப்புகள் இவ்வழக்கத்திலிருந்து எதைப் பெறலாம், எதைப் பெறலாகாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் மூன்று தேவாரத் தலங்களுக்குரிய பதிகங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றின் அலகுத் தேர்வு மதிப்பிடப்படுகிறது. பாடலின் அலகும் கோப்பின் அலகும் ஒன்றாக இருந்தாலன்றித் திருத்த வரலாறு ஆய்வாளருக்குப் பயன்படாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தேவாரம், மின்பதிப்பு, பண்முறை, தலமுறை, கிட், பாடவேறுபாடு, ஒருங்குறி

முன்னுரை

அம்பத்தூரை அடுத்த பாடி, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள திருவேற்காடு ஆகிய மூன்றும் தேவாரப் பாடல்பெற்ற தலங்கள். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவான பின் இவ்வட்டாரம் தொழிற்பகுதியாகவே பெரிதும் அறியப்படலாயிற்று. இன்று மென்பொருள் நிறுவனங்களும் அங்கு இயங்குகின்றன. மென்பொருள் தொழிலில் ஒரு பயனர் கையேட்டின் ஒரு வரி மாறினாலும், மாற்றியவர் யார், மாற்றிய நாள் எது, மாற்றத்திற்கு முன் அவ்வரி எவ்வாறு இருந்தது என்பன பதிவாகின்றன. அதே வட்டாரத்தின் கோயில்களில் ஓதப்படும் பதிகங்களை இணையத்திலிருந்து எடுத்து மேற்கோள் காட்டும் ஆய்வாளரோ, தாம் காட்டிய வடிவம் நாளையும் அவ்வாறே இருக்குமா என்பதற்கு உறுதி கூற இயலாத நிலையில் உள்ளார்.

இது வசதி பற்றிய சிறு குறை எனத் தள்ளத்தக்கதன்று. ஓர் ஆய்வேட்டின் சொல்லடைவோ யாப்புக் கணக்கோ மின்பதிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டிருக்க, அப்பதிப்பு பின்னர்ச் சொல்லாமல் திருத்தப்படுமாயின், அவ்வாய்வின் எண்ணிக்கைகளைப் பிறர் சரிபார்க்கும் வழி அடைபடுகிறது. இச்சிக்கலுக்குக் கணினித் துறை கண்ட தீர்வு தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. இத்தீர்வைத் தமிழில் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என வழங்குவதுண்டு. தமிழாய்வில் ‘பதிப்பு’ என்பது சுவடிகளை ஒப்பிட்டு ஒருவர் பொறுப்பேற்று வெளியிட்ட நூலைக் குறிக்கும். கணினித் துறையில் அச்சொல் கோப்பு ஒவ்வொரு நாளும் அடையும் நிலையைக் குறிக்கிறது. இவ்விரண்டும் கலவாதிருக்க, இக்கட்டுரையில் பின்னது ‘திருத்த வரலாறு’ எனப்படுகிறது.

மூன்று பதிகங்கள், மூன்று வரிசைகள்

பாடி எனப்படும் திருவலிதாயத்திற்குரிய சம்பந்தர் பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவது, பண் நட்டபாடை. திருவேற்காட்டுக்குரிய சம்பந்தர் பதிகம் அதே திருமுறையில் 57ஆவது; பண் பழந்தக்கராகம். திருமுல்லைவாயிலுக்குரிய சுந்தரர் பதிகம் ஏழாம் திருமுறையில் 69ஆவது, பண் தக்கேசி. பண்முறையில் அமைந்த பதிப்பில் முதலிரண்டும் 53 பதிகங்களின் இடைவெளியில் நிற்க, மூன்றாவது வேறொரு தொகுதிக்கே சென்றுவிடுகிறது.

தலமுறைப் பதிப்பில் நிலை முற்றிலும் மாறுகிறது. தொண்டை நாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டினுள் வலிதாயம், வடதிருமுல்லைவாயில், வேற்காடு ஆகியன திருவொற்றியூருக்கும் மயிலாப்பூருக்கும் இடையே அடுத்தடுத்து வருகின்றன. பெரியபுராண நிகழ்ச்சிகளின் வரிசையில் பதிகங்களை அடுக்கும் மூன்றாவது முறையும் உண்டு. முல்லைவாயில் பதிகத்தில் சங்கிலியார் பற்றிய குறிப்பு வருவதால், அம்முறையில் அது திருவொற்றியூர் நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் படிக்கப்படும்.

ஓதுவாருக்குப் பண்முறையும், தலப்பயணிக்குத் தலமுறையும், சமய வரலாற்றை ஆராய்பவருக்கு வரலாற்று முறையும் பயன்படுகின்றன. மூன்றும் செல்லத்தக்கவை. மூன்றிலும் மாறாதிருப்பது பதிகம் என்னும் அலகு. அடுக்கு மாறினும் அலகு மாறாது என்னும் இவ்வுண்மையைத் தேவார மரபு அச்சுக்கும் கணினிக்கும் நெடுங்காலம் முன்னரே கண்டுகொண்டது. மின்பதிப்புகளை மதிப்பிட இதனினும் பொருத்தமான அளவுகோல் வேண்டுவதில்லை.

மென்பொருள் ஆவணங்களின் வழி

மென்பொருள் ஆவணங்களும் இத்தகைய சிக்கலைச் சந்தித்தன. ஒரே செய்தி தொடக்கநிலைப் பயனருக்கு ஒரு வரிசையிலும், நிரலருக்கு வேறொரு வரிசையிலும் வேண்டப்பட்டது. முழுக் கையேடும் ஒரே கோப்பாக இருந்தால் வரிசையை மாற்ற வேண்டும்போதெல்லாம் உரையையே வெட்டி ஒட்ட நேரிடும். பைத்தான் மொழியின் ஆவணங்கள் 2007ஆம் ஆண்டளவில் லேடெக் வடிவத்திலிருந்து எளிய உரை வடிவத்திற்கு மாற்றப்பட்டன. அம்மாற்றத்தினின்று பிறந்த ஸ்ஃபிங்ஸ் என்னும் கருவி இன்று பரவலாகப் பயன்படுகிறது. லினக்ஸ் கருநிரலின் ஆவணங்களும் 2016 முதல் அவ்வழிக்கு மாறின. ஒவ்வொரு பொருளும் தனிக் கோப்பில் இருக்கும். கோப்புகளின் பெயர்களை மட்டும் அடுக்கிய பட்டியல் கோப்பு வரிசையைத் தீர்மானிக்கும் என்பதே இம்முறையின் சாரம். பட்டியலை மாற்றினால் நூலின் அடுக்கு மாறும், உரை தொடப்படுவதில்லை.

இக்கோப்புகளின் மாற்றங்களைப் பதிவதற்கு லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் இன்று பெருவழக்காக உள்ளது. ஒவ்வொரு பதிவின்போதும் கிட் களஞ்சியத்தின் முழு நிலையையும் படம்பிடித்தாற்போலச் சேமித்து, அதற்கு உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்பட்ட ஓர் அடையாள எண்ணை வழங்குகிறது. ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆகவே அவ்வெண்ணைக் குறிப்பிடும் ஆய்வாளர், தாம் பயன்படுத்திய உரையின் நிலையை ஐயத்திற்கிடமின்றிச் சுட்டியவராகிறார். ‘பார்த்த நாள்’ என அடிக்குறிப்பில் எழுதும் இன்றைய வழக்கம் இவ்வுறுதியைத் தருவதில்லை. அந்நாளில் அக்கோப்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிய அதில் வழியில்லை.

தொகுதி அலகு: மதுரைத் திட்டம்

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் தன்னார்வலர்களால் வளர்ந்தது. தமிழ் எழுத்துருக்கள் சிதறிக் கிடந்த காலத்தில் நூற்றுக்கணக்கான நூல்களைக் கட்டணமின்றி உலகெங்கும் கொண்டுசேர்த்த அதன் பணிக்கு ஈடில்லை. இன்றைய கணினிசார் தமிழாய்வுகள் பலவும் அதன் கோப்புகளின்மேல் எழுந்தவையே.

அதன் அலகு நூல் அல்லது நூலின் பெரும்பகுதி. முதல் திருமுறையின் 136 பதிகங்களை இம்முறையில் அமைக்கும்போது வலிதாயமும் வேற்காடும் நெடிய கோப்புகளின் உள்ளே ஒடுங்கிவிடுகின்றன. தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் கோப்பின் முகப்பு நன்றியுடன் குறிக்கிறது. இது உழைப்பை மதிக்கும் நல்ல வழக்கம். ஆயினும் எந்தப் பாடலின் எந்தச் சொல் எப்போது திருத்தப்பட்டது என்பதை முகப்பு கூறுவதில்லை. புதிய கோப்பு பழையதன் இடத்தில் ஏறும்போது பழைய வாசகம் பொதுப்பார்வையிலிருந்து மறைகிறது. டிஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறிய கட்டத்தில் இக்குறை கூடுதல் கவனத்திற்குரியது. டிஸ்கியில் எகர ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னும் சேமிக்கப்படும். மாற்றம் முழுவதும் நிரலால் நிகழ்வதால், எழுத்துப்பிழை மூலத்தில் இருந்ததா, மாற்றத்தில் நுழைந்ததா என்பதை இரு நிலைகளையும் ஒப்பிட்டே சொல்ல இயலும்.

பக்க அலகு: விக்கிமூலம்

தமிழ் விக்கிமூலம் மறு எல்லையில் நிற்கிறது. அங்கு அச்சு நூலின் வருடிய பக்கம் ஒருபுறமும் அதன் எழுத்துப்பெயர்ப்பு மறுபுறமுமாக அமைகின்றன. ஒவ்வொரு பக்கத்திற்கும் முழுமையான திருத்த வரலாறு உண்டு. மெய்ப்புப் பார்த்தவர் ஒருவரும், சரிபார்த்தவர் வேறொருவருமாக இருக்க வேண்டும் என்னும் நெறியும் உண்டு. மூலத்தைக் கண்ணால் கண்டு ஒப்பிடும் வாய்ப்பை வாசகருக்கே அளிப்பது இதன் தனிச்சிறப்பு. மதுரைத் திட்டத்தில் குறைந்த பொறுப்புடைமை இங்கு நிறைவுறுகிறது.

ஆனால் பக்கம் என்பது தாளின் அளவும் அச்செழுத்தின் அளவும் தீர்மானித்த அலகு; புலவர் தீர்மானித்ததன்று. ஒரு பதிகம் இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் பரவும். ஒரே பக்கத்தில் ஒரு பதிகத்தின் இறுதியும் அடுத்ததன் தொடக்கமும் அமையும். முல்லைவாயில் பதிகத்தின் திருத்த வரலாற்றை அறிய விரும்புபவர் பக்கங்களின் வரலாறுகளைத் தனித்தனியே திறந்து, பிற பதிகத்திற்குரிய மாற்றங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். பக்கங்களைக் கோத்து நூலாகக் காட்டும் வசதி விக்கிமூலத்தில் உண்டு. எனினும் கோத்த பக்கத்தின் வரலாற்றில் உட்பக்கங்களின் மாற்றங்கள் பதிவாவதில்லை.

தொகுதியும் பக்கமும் முறையே மிகப் பெரிதும் மிகச் சிறிதுமாகத் தோன்றினும், இரண்டின் குறையும் ஒன்றே. இரண்டும் அச்சு நூலின் புறவடிவிலிருந்து அலகைப் பெற்றன. பாடலின் அகவமைப்பிலிருந்து பெறவில்லை.

இலக்கிய வகையும் அலகும்

பதிகத்தை அலகாகக் கொண்டால் இக்குறை நீங்கும். ஒவ்வொரு பதிகமும் ஒரு கோப்பு. பண்முறை, தலமுறை, வரலாற்று முறை ஆகிய மூன்றும் மூன்று பட்டியல் கோப்புகள். ஒரு சொல் திருத்தப்பட்டால் மூன்று அடுக்குகளிலும் அது ஒருங்கே திருந்தும். ஒரு பதிகத்தின் வரலாறு வேண்டுபவருக்கு அக்கோப்பின் வரலாறே போதும்.

பெரிய கோப்பிலும் கிட் வரிவாரியாக வரலாற்றைத் தேட வல்லது, இரு வேறு இடங்களில் இருவர் செய்த திருத்தங்களை இணைக்கவும் வல்லது. ஆகவே பிரிப்பு எதற்கு என்னும் மறுப்பு எழலாம். இது ஓரளவு உண்மை. ஆயினும் அத்தேடலுக்கு வரியெண்களையும் கட்டளைகளையும் அறிந்திருக்க வேண்டும். தமிழாய்வாளருக்கும் அவர்தம் மாணவருக்கும் அச்சுமையை ஏற்றுவது முறையன்று. மேலும் கிட் ஒரு கோப்பு பெயர் மாறியதையோ பிரிந்ததையோ தனியே குறித்து வைப்பதில்லை. இரு நிலைகளின் உள்ளடக்க ஒப்புமையைக் கொண்டு பின்னர் ஊகிக்கிறது. பெரிய கோப்பொன்றைப் பத்தாண்டுகள் கழித்து 136ஆகப் பிரித்தால், சிறு கோப்புகளின் வரலாறு பிரித்த நாளில் தொடங்கியதாகவே பொதுவான தேடலில் தோன்றும். அலகு பற்றிய முடிவு தொடக்கத்திலேயே எடுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எனினும் சிறிதாகப் பிரிப்பதே எப்போதும் நன்று எனக் கொள்ளலாகாது. பூவிருந்தவல்லிக்கு மேற்கிலுள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதி 96 வெண்பாக்களால் ஆனது. ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் முதலாவதால், அதன் வரிசை நூலின் உறுப்பாகவே அமைந்துவிட்டது. அதனைப் பாடலுக்கொரு கோப்பாகப் பிரித்து வரிசையைப் பட்டியலிடம் ஒப்படைத்தால், யாப்பே காக்கும் ஒழுங்கை வெளியிலிருந்து காக்க நேரும். அந்தாதிக்கு முழு நூலும், தேவாரத்திற்குப் பதிகமும் அலகாதல் பொருந்தும். அலகை வரையறுப்பது இலக்கிய வகையின் வேலை. கருவி அதனைப் பின்பற்ற வேண்டும்.

பெயரும் எண்ணும்

தலப்பெயரையே கோப்பின் பெயராக்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் முல்லைவாயில் என்னும் பெயரில் இரு தலங்கள் உள்ளன. சுந்தரர் பாடியது வடதிருமுல்லைவாயில்; சீர்காழிப் பகுதியிலுள்ள தென்திருமுல்லைவாயிலைச் சம்பந்தர் இரண்டாம் திருமுறை 88ஆம் பதிகத்தில் பாடினார். வலிதாயம் இன்று பாடி என வழங்குகிறது. முல்லைவாயில், முல்லைவாயல் என ஒரே ஊர்ப்பெயர் இருவகையாகவும் எழுதப்படுகிறது. கிட் கருவியும் தமிழ்க் கோப்புப் பெயர்களைத் தன் இயல்பான அமைப்பில் எண்குறித் தொடர்களாகவே காட்டுகிறது. அமைப்பை மாற்றினாலன்றி அவற்றைப் படிக்க இயலாது. திருமுறை எண்ணையும் பதிக எண்ணையும் சேர்த்து 1-003, 1-057, 7-069 எனப் பெயரிடுவது இச்சிக்கல்கள் அனைத்தையும் தவிர்க்கும். தலப்பெயர், பண், பாடியவர் ஆகியன கோப்பினுள் முகப்பில் அமையலாம்.

எண்ணுக்கும் ஒரு நெறி வேண்டும். திருவிடைவாய்ப் பதிகம் 1917இல் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அதனைப் பண்ணுக்குரிய இடத்தில் நுழைத்துப் பின்வரும் பதிகங்களின் எண்களை மாற்றாமல், மூன்றாம் திருமுறையின் இறுதியில் சேர்த்த பதிப்பு வழக்கம் போற்றத்தக்கது. முந்தைய ஆய்வுகளின் மேற்கோள் எண்கள் அதனால் பிழைத்தன. ஒருமுறை வழங்கிய அடையாளத்தை மாற்றலாகாது, புதியது இறுதியில் சேர வேண்டும் என்று மென்பொருள் துறை பின்பற்றும் விதியும் இதுவே. தலமுறைப் பட்டியலில் அப்பதிகம் தன் தலத்திற்குரிய இடத்தைத் தடையின்றிப் பெறும்.

வரியும் எழுத்தும்

கிட் தன் ஒப்பீட்டை வரியை அடிப்படையாகக் கொண்டு காட்டுகிறது. பாடலுக்கு இது ஏற்றது: அச்சில் ஓரடி இரண்டாக மடிந்திருப்பினும் கோப்பில் ஓரடி ஒரு வரியாக இருந்தால், திருத்தம் எந்த அடியில் நிகழ்ந்தது என்பது உடனே புலனாகும். உரைப்பகுதிக்கு வேறு ஏற்பாடு தேவை. ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருப்பின், ஓர் ஒற்றைச் சேர்த்தாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டப்படும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதுவரியில் தொடங்குமாறு பிரையன் கெர்னிகன் 1974இல் யூனிக்ஸ் தொடக்கநிலையாளருக்கு எழுதிய கையேட்டில் அறிவுறுத்தினார். உரையாசிரியர்களின் நீண்ட வாக்கியங்களுக்கு, பதவுரைச் சொற்றொடர் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக்குவது மேலும் பொருந்தும்.

எழுத்து நிலையில் தமிழுக்கே உரிய இடர்கள் சில உண்டு. ஒகர உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கிட் உள்ளடக்கத்தை இயைபுபடுத்துவதில்லை. ஆதலின் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் வரலாற்றில் ஏறி, உண்மையான திருத்தங்களை மறைத்துவிடும். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தை இட்டு எழுதுவதும், துணைக்காலின் இடத்தில் ரகரத்தை இடுவதும் இன்னொரு வகை. இவை ஏடெழுதுவோர் பிழைகளை நினைவூட்டுவன. ஆனால் ஏட்டுப்பிழை படிப்போர் கண்ணில் படும். இது தேடும்போது சொல் கிடைக்காமையால் மட்டுமே வெளிப்படும். சேர்க்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஒரே இயைபு வடிவத்திற்குக் கொணர்ந்த பின்னரே களஞ்சியத்தில் ஏற்பது இதற்குரிய தற்காப்பு.

திருத்தம் வேறு, பாடம் வேறு

மென்பொருள் துறையிலிருந்து எதைப் பெறலாகாது என்னும் வினா இங்கு எழுகிறது. கிட் கிளைகளை அனுமதிக்கிறது: ஒரே களஞ்சியத்தில் இருவேறு நிலைகள் இணையாக வளரலாம். ஒரு சுவடியின் பாடத்தை ஒரு கிளையிலும், மற்றொன்றின் பாடத்தை வேறொரு கிளையிலும் வைத்தால் பாடவேறுபாடு முழுவதும் தானே பதிவாகும் என எண்ண இடமுண்டு. இக்கருத்து கவர்ச்சியுடையதாயினும் பிழையானது.

மென்பொருளின் கிளைகள் பெரும்பாலும் பின்னர் இணைவதற்காகப் பிரிகின்றன. இணைந்தபின் ஒரு வாசகமே நிலைக்கும். மற்றது வரலாற்றின் அடியில் தங்கும். பாடவேறுபாடுகளோ இணைவதற்குரியன அல்ல. அவை ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில், படிப்பவர் ஒப்பிடுமாறு நிற்க வேண்டும். தட்டெழுத்துப் பிழையை நீக்கியது திருத்தம். அதற்குரிய இடம் வரலாறு. ஒரு சுவடியோ முந்தைய பதிப்போ தரும் மாற்று வாசகம் பாடம். அதற்குரிய இடம் கோப்பினுள், பாடலின் கீழ். இவ்விரண்டையும் கலந்தால், பதிப்பாசிரியர் ஆராய்ந்து விலக்கிய பாடமும், தட்டெழுத்தாளர் கை தவறி எழுதியதும் ஒரே தகுதி பெற்றுவிடும்.

சந்தி பிரித்த வடிவத்திற்கும் இதையொட்டிய நெறி பொருந்தும். சீர் காத்த மூலமும் சந்தி பிரித்த வடிவமும் ஒரே எண்ணுடன் இருவேறு கோப்புறைகளில் இருக்க வேண்டும். பிரிப்பு பொருள்கோளைச் சார்ந்தது. அது மூலத்தின்மீது எழுதப்பட்டால், ஒருவரது பொருள்கோள் மூலமாகவே வழங்கத் தொடங்கிவிடும்.

திருத்தத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பும் இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டும். ‘பிழை திருத்தம்’ என்று மட்டும் எழுதுவது எதையும் சொல்லாது. எந்த அச்சுப் பதிப்பின் எந்தப் பக்கத்தை நோக்கி மாற்றப்பட்டது எனக் குறித்தால், அது பதிப்பாசிரியர் அடிக்குறிப்பின் மதிப்பைப் பெறும். கருவி நாளையும் பெயரையும் தானே குறிக்கும். காரணத்தை மனிதரே எழுத வேண்டும்.

முடிவுரை

மதுரைத் திட்டம் நூல்களைக் கிடைக்கச் செய்தது. விக்கிமூலம் மூலத்தோடு ஒப்பிடச் செய்தது. இலக்கிய அலகுக்கு ஏற்ற திருத்த வரலாறு அடுத்துச் செய்யப்பட வேண்டியது. அதற்குப் பெருஞ்செலவோ புதிய கருவியோ தேவையில்லை. பதிகத்துக்கு ஒரு கோப்பு, அடிக்கு ஒரு வரி, மாறாத எண், அடுக்குக்குத் தனிப் பட்டியல், ஒரே எழுத்தியைபு, பாடத்தையும் திருத்தத்தையும் பிரித்துப் பதியும் ஒழுக்கம் ஆகியவை போதும். ஒரு தமிழ்த்துறை தன் வட்டாரத்துத் தலப் பதிகங்களை மட்டும் இம்முறையில் அமைக்கத் தொடங்கலாம். மேற்குச் சென்னையின் மூன்று தலங்களுக்குரிய மூன்று கோப்புகளும் ஒரு பட்டியலும் ஒரு பருவத்தின் வகுப்புப் பயிற்சிக்கு அடங்குவன. அவ்வாறு அமையும் பதிகத்தை மேற்கோள் காட்டும் மாணவர், பாடல் எண்ணோடு அதன் நிலையெண்ணையும் குறிப்பிடுவார். அவர் எண்ணிய சொற்களைப் பிறிதொருவர் அதே நிலையில் வைத்து மீண்டும் எண்ணிப் பார்க்க இயலும்.